ஊசிமுனையில் எழுந்த கேள்வி

ஒரே மாதிரியான சில செல்களாகத் தொடங்கும் பாலூட்டியின் கரு எப்படித் தன்னைப் பல பகுதிகளாக வகுத்துக்கொள்கிறது என்பதை இன்றைய பாடநூல்கள் சமிக்ஞைப் பாதைகளின் பெயர்களைச் சொல்லி விளக்குகின்றன. ஹிப்போ பாதை வெளிச்செல்களையும் உட்செல்களையும் பிரிக்கிறது, எஃப்.ஜி.எஃப். பாதை உட்செல்களை மேலும் இரண்டாகப் பிரிக்கிறது. லிஃப் என்ற புரதம் எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய தன்மையைக் காப்பாற்றுகிறது. இப்படிப் படிக்கும் மாணவர், மூலக்கூறுகளைக் கண்டுபிடித்தவர்களே கருவின் வேலைமுறையையும் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. வரலாறு அப்படி நடக்கவில்லை. இந்த மூலக்கூறுகளில் பலவும் கருவைத் தேடிப் போனவர்கள் கண்டெடுத்தவையே அல்ல. ஹிப்போ பாதையின் உறுப்புகள் பழ ஈயில், அளவுமீறி வீங்கிய கண்ணையும் தலையையும் ஆராய்ந்தவர்களிடம் அகப்பட்டன. எஃப்.ஜி.எஃப்.4 மரபணு 1980களின் நடுவில் ஜப்பானில் மனித வயிற்றுப் புற்றுக்கட்டியிலிருந்து கிடைத்தது. லிஃப், ரத்தப் புற்றுநோய்ச் செல்களின் பெருக்கத்தை அடக்கும் பொருளாக மெல்போர்னில் அறியப்பட்டது. இவையெல்லாம் வந்து சேர்வதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, எந்தக் கேள்விக்கு இவை விடையாகப் போகின்றன என்பது முடிவாகிவிட்டது. முடிவுசெய்தது ஊசியும் மெல்லிய கண்ணாடிக்குழாயும் கொண்டு சுண்டெலிக் கருவை உடைத்தும் ஒட்டியும் பார்த்த ஒரு சிறிய கைத்தொழில். கருவின் சமிக்ஞைகளைப் பற்றி நாம் அறிந்தவற்றில் உறுதியானது எதுவோ, அது கருவை வழக்கமான பாதையிலிருந்து விலக்கிப் பார்த்ததால் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தத் தொழில் தாமதமாகவே தொடங்கியது. தவளையின் கருவை வில்ஹெல்ம் ரூ 1888இலேயே சூடான ஊசியால் குத்திப் பார்த்துவிட்டார். இரண்டு செல்களில் ஒன்றைக் கொன்றபோது எஞ்சியது அரைக்கருவாக வளர்ந்தது. 1891இல் ஹன்ஸ் ட்ரீஷ் கடல்முள்ளெலியின் இரு செல்களைக் குலுக்கிப் பிரித்தபோது இரண்டுமே முழுப் புழுக்களாயின. இந்த முரண்பாட்டின் மேல்தான் சோதனைக் கருவியல் எழுந்தது. 1924இல் ஹன்ஸ் ஸ்பேமனும் ஹில்டே மாங்கோல்டும் நியூட் கருவின் ஒரு துண்டை இன்னொன்றில் ஒட்ட, அது சுற்றியிருந்த திசுவையும் இழுத்து இரண்டாவது உடலச்சை உருவாக்கியது. செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொடுக்கின்றன என்ற எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது. ஆனால் இவை எல்லாம் நீரில் இடப்படும் முட்டைகள். கையில் எடுக்கலாம், கண்ணெதிரே வளரும். பாலூட்டியின் முட்டையோ தாயின் கருக்குழாய்க்குள் கிடப்பது. சுண்டெலியில் அதன் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 1890இல் வால்டர் ஹீப் ஒரு அங்கோரா முயலின் இரு கருக்களை பெல்ஜியன் ஹேர் இனத் தாய்க்கு மாற்றி வைத்தார். பிறந்த ஆறு குட்டிகளில் இரண்டு அங்கோராவாக இருந்தன. கருவை வெளியே எடுத்தாலும் அது உயிரோடு திரும்பும் என்று காட்டிய அருமையான சோதனை அது. அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாலூட்டிக் கருவைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி, சாயமேற்றிய இறந்த கருக்களைப் பார்த்துச் செய்த ஊகமாகவே இருந்தது. பிரஸ்ஸல்ஸில் ஆல்பர்ட் டால்க், முட்டைக்குள் சாயம் ஏறும் விதத்தில் தெரிந்த வேறுபாடுகளை வைத்து, எந்தப் பகுதி உடலாகும், எந்தப் பகுதி நஞ்சுக்கொடியாகும் என்பது பிளவு தொடங்கும் முன்பே பங்கிடப்பட்டிருக்கிறது என்று வாதிட்டார். கற்றறிந்தவர்கள் மதித்த கருத்துதான் அது. இறந்த கருவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதை மறுக்க வழியே இல்லை.

வழி திறந்தது ஒரு வளர்ப்புக் கரைசலால். 1956இல் கான்பெராவில் வெஸ்லி விட்டன், உப்புக்கரைசலில் குளுக்கோஸும் மாட்டு ரத்த ஆல்புமினும் சேர்த்து, எட்டுச் செல் நிலையில் எடுத்த சுண்டெலிக் கருவைப் பாத்திரத்திலேயே நீர்க்குமிழி போன்ற பிளாஸ்டோசிஸ்ட் நிலைவரை வளர்த்தார். இரண்டு ஆண்டுகளில், லண்டனில் ஆன் மெக்லாரனும் ஜான் பிகர்ஸும் அப்படி வளர்த்த கருக்களை வளர்ப்புத் தாயின் கருப்பையில் வைத்துக் குட்டிகளைப் பெற்றார்கள். இந்த 1958ஆம் ஆண்டுச் செய்தியைச் சோதனைக்குழாய்க் குழந்தையின் முன்னோடி என்றே நாம் நினைவுகூர்கிறோம், அது சரிதான். ஆனால் சமிக்ஞை வரலாற்றில் அதற்கு வேறொரு எடை உண்டு. பாத்திரத்தில் இரண்டு நாள் உயிரோடிருந்து, பிறகு தாயிடம் போய் முழுக்குட்டியாகத் திரும்பும் கருவிடம்தான் எந்தக் கேள்வியையும் கேட்க முடியும். கருவைச் சிதைத்தவர் அதன் விளைவைப் பிறந்த குட்டியில் பார்க்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. 1963இல் ரால்ஃப் பிரின்ஸ்டர் பாரஃபின் எண்ணெய்க்கு அடியில் சிறு துளிகளாகக் கரைசலை வைத்து வளர்க்கும் முறையைத் தந்தார், இன்றைய ஐ.வி.எஃப். கூடங்களிலும் கருக்கள் எண்ணெய்க்கு அடியில் துளிகளில் கிடக்கின்றன.

வார்சாவைச் சேர்ந்த ஆண்ட்ரே தார்கோவ்ஸ்கி 1959இல் ரூவின் பழைய சோதனையைச் சுண்டெலியிடம் செய்தார். இரண்டு செல் நிலையில் ஒரு செல்லை ஊசியால் அழித்து, மற்றதைத் தாய்க்குள் வைத்தார். குறையில்லாத குட்டிகள் பிறந்தன. (ஜெர்மனியில் ஃப்ரீட்ரிக் ஸைடல் 1952இலேயே முயலில் இதைக் காட்டியிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நியாயமாகாது.) அதோடு தார்கோவ்ஸ்கி நிற்கவில்லை. வேல்ஸ் நாட்டு பாங்கரில் தங்கியிருந்த காலத்தில் தலைகீழான கேள்வியைக் கேட்டார்: பாதிக் கரு முழுதாகும் என்றால், இரண்டு கருக்கள் ஒன்றாகுமா? எட்டுச் செல் நிலையிலிருந்த இரு கருக்களின் மேலுறையைக் குறுகிய குழாய்க்குள் உறிஞ்சித் தள்ளி உடைத்து, வெற்றுக் கருக்களை ஒட்டிவைத்தார். அவை ஒரே கருவாயின. 1961இல் வெளியான அந்தச் செய்தி நான்கு பெற்றோரைக் கொண்ட எலிகளைப் பற்றியது. அடுத்த ஆண்டு பிலடெல்ஃபியாவில் பியாட்ரிஸ் மின்ட்ஸ் மேலுறையை நொதியால் கரைக்கும் முறையைக் கொண்டுவர, வேலை எளிதாயிற்று; அவருடைய கோடுபோட்ட எலிகள் பத்திரிகைகளிலெல்லாம் வந்தன. அந்தக் கோடுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இரட்டைப் பருமனில் தொடங்கும் இத்தகைய கரு, கருப்பையில் பதிந்த சில நாட்களில் வழக்கமான அளவுக்குத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. எத்தனை செல்கள் இருக்கின்றன என்பது கருவுக்கு எப்படியோ தெரிகிறது. டால்க் சொன்னபடி முட்டையிலேயே எல்லாம் பங்கிடப்பட்டிருந்தால் அரைக்கரு அரைக்குட்டியாகவும் இரட்டைக்கரு இரண்டு தலையோடும் வந்திருக்க வேண்டும்.

பங்கீடு இல்லை என்றால் வேறு என்ன? 1967இல் தார்கோவ்ஸ்கியும் யோவன்னா வ்ரூப்லெவ்ஸ்காவும் நான்கு, எட்டுச் செல் நிலைகளிலிருந்து ஒற்றைச் செல்களைப் பிரித்து வளர்த்தார்கள். எட்டில் ஒரு பங்கான செல் பல நேரங்களில் உட்திரளே இல்லாத வெற்றுக் குமிழியாக முடிந்தது. அதாவது நஞ்சுக்கொடிக்கான உறை மட்டும் வந்தது, உடலுக்கான செல்கள் வரவில்லை. இதற்கு அவர்கள் தந்த விளக்கம் எளிமையாலேயே வலுவானது. கருவில் குழி விழும் நேரம் செல்கள் எத்தனை முறை பிரிந்தன என்பதைப் பொறுத்தது. எத்தனை செல்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது அல்ல. செல்கள் குறைவாக இருந்தால் அந்த நேரம் வரும்போது ஒன்றுகூட நடுவே மூடப்பட்டிருக்காது, எல்லாமே வெளியே நிற்கும். வெளியே நின்றது உறையாகும், உள்ளே அகப்பட்டது உடலாகும். 1972இல் ஆக்ஸ்ஃபர்டில் ஹில்மனும் ஷெர்மனும் கிரஹாமும் அடையாளமிட்ட செல்களை வேறொரு கருவின் வெளிப்புறத்தில் வேண்டுமென்றே சுற்றிவைத்துப் பார்த்தார்கள். அவை பெரும்பாலும் உறைப்பகுதிக்கே போயின. 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் ஜான்சனும் கேரல் ஜியோமெக்கும் இன்னொரு அடி வைத்தார்கள்: எட்டுச் செல் நிலையில் ஒவ்வொரு செல்லும் வெளியை நோக்கிய முகத்தையும் உள்ளே திரும்பிய அடியையும் பெறுகிறது, பிரியும்போது முகத்தைப் பெற்ற மகள் வெளியிலும் பெறாத மகள் உள்ளேயும் போகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பு. 'உள்ளே', 'வெளியே' என்பவை விவரிப்புகள், காரணங்கள் அல்ல. தான் எங்கே நிற்கிறேன் என்று ஒரு செல் எப்படி அறிகிறது, அறிந்ததை எப்படித் தன் மரபணுக்களுக்குச் சொல்கிறது என்பதை ஊசிக்காரர்கள் சொல்லவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த இடம் காலியாகவே கிடந்தது. காலி இடத்தை நிரப்பியது மூலக்கூற்றியல்தான், அதை மறுப்பதற்கில்லை. டெட்4 என்ற புரதம் இல்லாத எலிக்கருவில் உறைச் செல்கள் உருவாவதில்லை என்பது 2007இலும் 2008இலும் தெரிந்தது. 2009இல் ஜப்பானின் கோபேயில் ஹிரோஷி ஸசாகியின் குழு, டெட்4இன் துணைவனான யாப் என்ற புரதம் வெளிச்செல்களின் உட்கருவுக்குள் இருப்பதையும், உட்செல்களில் உட்கருவுக்கு வெளியே தடுத்து நிறுத்தப்படுவதையும் காட்டியது. தடுப்பது ஹிப்போ பாதையின் லேட்ஸ் என்ற நொதி. 2013இல் அடுத்த கண்ணியும் கிடைத்தது. ஆஞ்சியோமோட்டின் என்ற புரதம் உட்செல்லில் பக்கத்துச் செல்லோடு ஒட்டும் இணைப்புகளில் அமர்ந்து லேட்ஸை எழுப்புகிறது; வெளிச்செல்லில் அதே ஆஞ்சியோமோட்டின் மேல்முகத்தில் பிடித்துவைக்கப்படுவதால் லேட்ஸ் எழுவதில்லை, யாப் உட்கருவுக்குள் போய் சி.டி.எக்ஸ்.2 மரபணுவை இயக்குகிறது, செல் உறையாகிறது. ஜான்சனும் ஜியோமெக்கும் நுண்ணோக்கியில் பார்த்த அந்த முகம்தான் இங்கே ஆஞ்சியோமோட்டினைப் பிடித்துவைக்கும் பொறி. மறுப்புக்கு என் பதில் இதுதான்: பழ ஈயில் ஹிப்போவை அறிந்தவர்களுக்கு அது உறுப்பின் அளவைக் கட்டுப்படுத்தும் பாதை மட்டுமே. அதே பாதை எலிக்கருவில் இடமறியும் கருவியாக வேலை செய்கிறது என்று தெரிய, இடம்தான் பிரச்சினை என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். காலி இடத்துக்கு அளவெடுத்து வைத்தவர்கள் தார்கோவ்ஸ்கியும் வ்ரூப்லெவ்ஸ்காவும்.

ஆனால் இடமே எல்லாம் என்ற முடிவுக்குப் போவது தவறு. அப்படிப் போனவர்களைக் கரு திருத்தியது. உட்திரள் அடுத்து இரண்டாகப் பிரிகிறது: குட்டியின் உடலாகும் எபிபிளாஸ்ட், மஞ்சட்கருப் பையின் சுவராகும் முதல்நிலை எண்டோடெர்ம். இதையும் இடத்தால் விளக்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. குழியைப் பார்த்து நிற்கும் செல்கள் எண்டோடெர்ம் ஆகும் என்றார்கள். 2006இல் டொரொன்டோவில் ஜேனட் ரோசன்ட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளேர் ஷாசோவும் உடன்பணியாளர்களும் வெளியிட்ட படங்களில் அந்த விளக்கம் உடைந்தது. நானாக் புரதம் கொண்ட செல்களும் காட்டா6 புரதம் கொண்ட செல்களும், கம்பும் சோளமும் கலந்து கொட்டியதுபோல், உட்திரள் முழுவதும் சிதறிக் கிடந்தன. பிரிவு முதலில், இடம்தேடி நகர்வது பிறகு. உயிருள்ள கருவை மணிக்கணக்கில் படம்பிடித்த பிற்கால ஆய்வுகளும் இதையே காட்டின. எது இவற்றைப் பிரிக்கிறது? எஃப்.ஜி.எஃப்.4. அந்த மரபணு இல்லாத எலிக்கரு பதிந்த சிறிது நேரத்திலேயே இறந்துவிடும் என்பது 1995இலும், அதன் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி.ஆர்.பி.2 இல்லாவிட்டால் எண்டோடெர்ம் உருவாவதில்லை என்பது 1998இலும் தெரிந்திருந்தது. தீர்ப்பு வந்தது மரபணு நீக்கத்தால் மட்டும் அல்ல, பாத்திரத்தால். 2009, 2010 ஆண்டுகளில் ஜெனிஃபர் நிக்கல்ஸின் குழுவும் ரோசன்ட்டின் குழுவும் வளர்ப்புக் கரைசலில் இந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்தபோது உட்திரள் முழுவதும் எபிபிளாஸ்ட் ஆயிற்று, எஃப்.ஜி.எஃப்.4ஐ அளவுக்கு மேல் கொட்டியபோது முழுவதும் எண்டோடெர்ம் ஆயிற்று. நானாக் செல்கள் சுரக்கும் எஃப்.ஜி.எஃப்.4 பக்கத்துச் செல்களை எதிர்த்திசையில் தள்ளுகிறது என்பதே பொருள். ஊசியின் இடத்தில் மருந்து வந்திருக்கிறது; முறை மாறவில்லை. கருவை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பது.

இந்த வாதத்துக்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று லிஃபின் கதை. 1981இல் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் எவான்ஸும் மாத்யூ காஃப்மனும், அதே ஆண்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கெய்ல் மார்ட்டினும், எலிக்கருவின் உட்திரளிலிருந்து முடிவின்றிப் பெருகும் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்தார்கள். எவான்ஸும் காஃப்மனும் எடுத்தவை சாதாரணக் கருக்கள் அல்ல. தாயின் சூலகத்தை அகற்றி, ஹார்மோன் கொடுத்து, பதியாமல் காத்துக்கிடக்க வைக்கப்பட்டவை. சுண்டெலியில் இது இயற்கையிலும் நடப்பதுதான்: ஈன்ற தாய் பால்கொடுத்துக்கொண்டிருக்கும்போது மறுபடி கருவுற்றால், புதிய கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் நிலையில் வளர்ச்சியை நிறுத்திக் கருப்பையில் மிதந்து காத்திருக்கும். 1988இல் இரண்டு குழுக்கள், ஸ்டெம் செல்கள் தம் தன்மையை இழக்காமலிருக்க வளர்ப்புத்தட்டில் தேவைப்படுவது லிஃப் என்று அறிவித்தன. ஆஸ்டின் ஸ்மித்தின் குழு அவற்றில் ஒன்று. அப்படியானால் லிஃப் இல்லாத எலிக்கரு பிழைக்கவே கூடாது அல்லவா? 1992இல் காலின் ஸ்டூவர்ட் லிஃப் மரபணுவை நீக்கிய எலிகளை உண்டாக்கினார். கருக்கள் நலமாகவே இருந்தன. லிஃப் இல்லாத தாயின் கருப்பையில்தான் அவை பதிய மறுத்தன, லிஃப் உள்ள வளர்ப்புத் தாயிடம் வைத்தால் பிறந்தன. ஆக, தட்டில் உயிர்நாடியாக இருந்த சமிக்ஞை கருவில் வேண்டாததுபோல் தெரிந்தது. செயற்கைச் சூழல் உண்டாக்கிய மாயை என்று அதைத் தள்ளிவிட நல்ல காரணம் இருந்தது. 2001இல் நிக்கல்ஸும் ஸ்மித்தும் உடன்பணியாளர்களும் லிஃபின் செய்தியைப் பெறும் ஜி.பி.130 ஏற்பி இல்லாத கருக்களைக் காத்திருப்பு நிலைக்குத் தள்ளிப் பார்த்தார்கள். வழக்கமான வேகத்தில் வளர்ந்தால் குறை காட்டாத அந்தக் கருக்கள், காத்திருக்க நேர்ந்தபோது தம் எபிபிளாஸ்டைத் தக்கவைத்துக்கொள்ள முடியாமல் இழந்தன. சாதாரண நாளில் மறைந்திருக்கும் பாதை நெருக்கடியில்தான் வெளியே தெரிந்தது. கருவை இயல்பாக வளரவிட்டு, மரபணுக்களின் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னொரு எதிர்ப்பு, எல்லாவற்றையும் விடக் கூர்மையாக எழுப்பப்பட்டது. காயப்படுத்தப்பட்ட கரு தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்பதால், காயமில்லாத கருவில் முன்வகுப்பு எதுவுமே இல்லை என்று ஆகுமா? தர்க்கப்படி ஆகாது. 2001 முதல் மாக்தலேனா செர்னிக்கா-கோட்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், இரண்டு செல் நிலையிலேயே செல்களுக்குள் சாய்வு இருக்கிறது என்று வாதிட்டார்கள். அவர் பயின்றது தார்கோவ்ஸ்கியிடம் என்பது இந்த வரலாற்றின் சுவையான இடம். 2004இல் தகாஷி ஹீராகியும் டாவர் சால்டரும் தொடர்படங்களைக் காட்டி அதை மறுத்தார்கள். 2007இல் செர்னிக்கா-கோட்ஸ் குழுவிலிருந்து மரியா எலெனா டோரெஸ்-பாடியா, நான்கு செல் நிலையில் ஹிஸ்டோன் புரதத்தின் வேதி அடையாளங்கள் செல்லுக்குச் செல் வேறுபடுவதைக் காட்டினார். சாய்வு என ஒன்று இருக்கிறது என்பதை இன்று ஒப்புக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். ஆனால் சாய்வு வேறு, தீர்ப்பு வேறு. உறைப்பக்கம் சாய்ந்த செல்லை எடுத்து நடுவில் வைத்தால் அது உட்செல்லாகிறது என்றால், கடைசி வார்த்தை அண்டைச் செல்களுடையது. டால்க்கின் கருத்து இந்த வடிவில் திரும்பி வந்திருக்கிறது என்று சிலர் மகிழ்ந்தார்கள். திரும்பி வந்தது அதன் நிழல் மட்டும்.

மிச்சமிருப்பது எலி மனிதனல்லவே என்ற கேள்வி. இது பாதி சரி. மனிதக் கருவும் செல் இழப்பைத் தாங்கும் என்பதற்குச் சான்று 1990லிருந்தே உண்டு: லண்டனில் ஆலன் ஹேண்டிசைட் குழுவினர் பரம்பரை நோய் அறிய மூன்றாம் நாள் கருவிலிருந்து செல்லை எடுத்துச் சோதித்து, மீதியை வைத்துப் பெற்ற குழந்தைகள் நலமாகவே பிறந்தார்கள். 2020இல் கேத்தி நியாகனின் குழு, வெளிச்செல்லின் முகமும் யாப் புரதமும் உறையைத் தொடங்கிவைப்பது எலி, மாடு, மனிதர் மூன்றுக்கும் பொது என்று காட்டியது. ஆனால் மனித உறைச்செல்கள் எலியைவிட நீண்ட நேரம் மனம் மாறக்கூடியவையாக இருக்கின்றன. இரண்டாவது பிரிவில் வேறுபாடு இன்னும் பெரிது: 2012இல் இரண்டு குழுக்கள் எலியில் எண்டோடெர்மை அடியோடு நிறுத்திய அதே வகை மருந்தை மனிதக் கருவுக்குக் கொடுத்தபோது எண்டோடெர்ம் நிற்காமல் உருவானது. மனிதரில் எஃப்.ஜி.எஃப்.க்கு இதில் வேலையில்லை என்று பலர் எழுதினார்கள். ஸ்டெம் செல்களிலிருந்து உருவாக்கிய கரு மாதிரிகளில் 2024இல் நடந்த ஆய்வு, வேலை இருக்கிறது என்று மறுபடி சொல்கிறது. எலியின் பாதைப் படத்தை எடுத்து மனிதக் கருவின்மேல் ஒட்டுவதும் தவறு, இரண்டுக்கும் தொடர்பில்லை என்பதும் தவறு. எந்தப் பாதை எந்த இனத்தில், எந்த மணி நேரத்தில், எந்த முடிவைத் தாங்குகிறது என்பதை மரபணு வரிசையைப் படித்துச் சொல்ல முடியாது. மாடு, முயல், குரங்கு, மனிதர் என்று ஒவ்வொன்றிடமும் செல்லைப் பிரித்து, சேர்த்து, சமிக்ஞையைத் தடுத்து, கூட்டிப் பார்க்கும் பழைய வேலையைத் தனித்தனியே செய்தாக வேண்டியிருக்கிறது. மனிதக் கருவைப் பொறுத்தவரை பிரிட்டன் உள்ளிட்ட பல நாடுகளில் சட்டம் அதற்கு அனுமதிப்பது பதினான்கு நாட்கள்.